பதினேழாவது ஓலை

அந்தக் காலத்தில் ஆடுகள் பேசிக்கொண்டிருந்தன. ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை இல்லை, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசின. ஆட்டுக்கு மேய்ப்பன் என்று ஒருவன் அப்போது கிடையாது. எங்கே மேய்வது, எங்கே படுப்பது, யாரை முட்டுவது எல்லாவற்றையும் அதுகளே கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளும். பகலெல்லாம் மேய்ந்துவிட்டுப் பொழுது சாயும்போது யாராவது ஒருவர் காட்டில் வந்து படுக்கும். காடு என்றதும் புலியைத் தேட வேண்டாம். மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலத்தைத்தான் அந்தப் பக்கத்தில் காடு என்பார்கள். ஆடுகள் கூட்டமாகப் படுக்கிற இடம் பட்டி. பட்டி விழுந்த காட்டில் அடுத்த மழைக்குக் கம்பு ஆள் உயரம் நிற்கும். விழாத காட்டில் விதைத்தவருக்கு உமிதான் மிஞ்சும். ஐந்நூறு ஆடு படுத்து எழுந்த இடத்தில் என்ன கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதை நான் வேறு விளக்க வேண்டியதில்லை.

ஒரு காட்டுக்கு வருஷத்தில் மூன்று ராத்திரி. அதுதான் முறை. அந்த மூன்று நாளும் காட்டுக்கு உரியவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஆண் என்றால் பட்டிக்காட்டார், பெண் என்றால் பட்டிக்காட்டாள். கிணற்றில் முதல் குடம் அவருக்கு. ஊர்க்கூட்டத்தில் அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். கல்யாணப் பந்தியில் முதல் இலை அவருக்கு. அந்தப் பெயரை வாய் நிறையச் சொல்வார்கள், பால் பொங்கும்போது சொல்கிற மாதிரி.

ஆனால் ஆடுகள் எதையும் சும்மா கொடுக்கிற ஜாதி இல்லை. நிபந்தனை வைத்திருந்தன. அந்த மூன்று நாளும் பட்டிக்காட்டாள் குளிக்கக் கூடாது, சேலை மாற்றக் கூடாது, பட்டியின் புழுதி காலில் இருக்க வேண்டும். "எங்க வாடை பிடிக்காதவங்க நெலத்துல எங்களுக்கு என்ன படுக்கை?" என்று கேட்டன. நியாயம்தானே? பகலில் அவள் வெளியே போகலாம், ஆனால் சாட்சிக்கு ஓர் ஆடு கூடவே போகும். பொழுது விழுவதற்குள் திரும்பிவிட வேண்டும். திரும்பியதும் அந்தச் சாட்சி ஆடு வரப்பில் நின்று, 'பட்டிக்காட்டாள் வந்தாச்சு' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக் கேட்டால்தான் மந்தை அந்தக் காட்டில் இறங்கும். கேட்காவிட்டால் அடுத்த காட்டுக்குப் போய்விடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

செவக்காட்டூரில் சிலம்பாயிக்கு ஒரே ஒரு காடு இருந்தது. போன வருஷம் அவள் முறை வந்தபோது பெருமழை பிடித்துக்கொண்டு பட்டி விழவில்லை. அதற்கு முந்திய வருஷம் அம்மை போட்டுப் படுத்துக் கிடந்தாள், பட்டிக்காட்டாளாக நிற்க முடியவில்லை. இரண்டு வருஷமாக நிலம் வெளுத்துப்போய்க் கிடந்தது. விதைக் கம்பு ஒரு பானை மிச்சம் வைத்திருந்தாள். இந்த வருஷமும் பட்டி தவறினால் அந்தப் பானையையும் ஆக்கித் தின்ன வேண்டியதுதான்.

இந்த வருஷம் பட்டி விழுந்தது. முதல் ராத்திரி விழுந்து விடிந்த காலையில், பட்டணத்திலிருந்து ஓர் ஆள் வந்து சேதி சொன்னான். அவள் தங்கச்சி மரிக்கொழுந்துக்கு இன்றைக்கே வளைகாப்பு.

மரிக்கொழுந்தைக் கொடுத்திருந்த இடம் பெரிய இடம். கோட்டைக்குள் சந்தனத் தெரு. தெருவில் பதினேழு வீடு, பதினேழிலும் சந்தனம் அரைப்பார்கள், பன்னீர் இறக்குவார்கள். அந்தத் தெருவில் நாய்கூட மணக்கும். கல்யாணத்தின்போதுதான் சிலம்பாயிக்கு அம்மை போட்டிருந்தது, அதனால் மாப்பிள்ளை வீட்டார் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பார்க்காதவர்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா? மரிக்கொழுந்து சொல்லி வைத்திருந்தாள். அக்கா பெரிய பண்ணைக்காரி, எங்கே போனாலும் பல்லக்கில்தான் போவாள் என்று.

வளைகாப்பில் முதலில் கண்ணாடி வளையல் ஏறாது. வேப்பங்குச்சியை வளைத்து இலையோடு கட்டின காப்புதான் முதலில். அந்த வேம்பு தாய்வீட்டு மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும். அதைத் தாய் போட வேண்டும், தாய் இல்லாவிட்டால் மூத்தவள். இவர்களுடைய அம்மா போன அறுவடையில்தான் போய்ச் சேர்ந்தாள்.

சிலம்பாயி மந்தைக்கு முன் நடக்கிற வெள்ளாட்டைப் பார்த்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் அதற்குச் சுட்டி என்றே பெயர். ஐந்நூறு செம்மறியும் சுட்டி என்ன செய்கிறதோ அதைத்தான் செய்யும். சொந்தமாக யோசிப்பது செம்மறிக்கு அன்றும் வழக்கமில்லை.

"சுட்டி, என்கூட வாறியா? போய்க் காப்பைப் போட்டுட்டு ஓடி வந்துரலாம்."

"எட்டு நாழிகை நடை," என்றது சுட்டி. "போக எட்டு, வர எட்டு. பொழுது விழுந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

"மூத்தவன்னு நான் ஒருத்திதான இருக்கேன்."

"சோறு போடுவாங்களா?"

"உனக்கு இல்லாமலா?"

தன் காட்டு வேம்பில் ஒரு குச்சி ஒடித்து, வளைத்து, நாரால் கட்டி, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சிலம்பாயி நடந்தாள்.

சந்தனத் தெருவில் அவர்கள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. சிலம்பாயிக்கு அது உறைக்கவில்லை. பட்டிக்காட்டாள் வந்தால் எழுந்து நிற்பார்கள் என்றுதான் அவளுக்குத் தெரியும், ஜன்னலைச் சாத்துவார்கள் என்று யார் கண்டது? நேராகத் தங்கச்சி வீட்டு வாசலுக்குப் போய்க் கணீரென்று சொன்னாள்.

"உள்ள போய்ச் சொல்லுங்க. பட்டிக்காட்டாள் வந்திருக்கான்னு."

வெளியே வந்தது மரிக்கொழுந்தின் மாமியார் பவளத்தம்மாள். பின்னால் முப்பது பெண்கள், எல்லோர் கழுத்திலும் சந்தனம். பவளத்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புழுதிக் காலைப் பார்த்தாள், கசங்கின சேலையைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, "மரிக்கொழுந்து, உன்னைப் பார்த்தில்ல சிரிக்குறா? யாரும்மா இது?" என்று கேட்டாள்.

மரிக்கொழுந்து பட்டுப்புடவையும் ஏழு மாத வயிறுமாக நின்றாள். முப்பது ஜோடிக் கண் அவள் மேல் இருந்தது. பல்லக்கு என்று சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியலையே அத்தை. யாரோ பட்டிக்காட்டாள்."

அவ்வளவுதான். அதே சொல்தான். ஊரில் வாய் நிறையச் சொல்கிற சொல்லை அவள் அன்றைக்கு மூக்கால் சொன்னாள். முப்பது பெண்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். "பட்டிக்காட்டாளாம்," என்றாள் ஒருத்தி. "பட்டிக்காடு எப்படி நாறுது பார்," என்றாள் இன்னொருத்தி. புதுச் சேலையைத் தடவிப் பார்க்கிற மாதிரி ஆளுக்கொரு தரம் சொல்லிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

எதிர்ப்பக்கம் ஒரு கிணறு இருந்தது. சிலம்பாயி அதன் மேடையில் போய் உட்கார்ந்தாள்.

பவளத்தம்மாள் ஓலை எழுதுகிறவரைக் கூப்பிட்டாள். 'பட்டிக்காட்டார் உள்ளே வர வேண்டாம்' என்று எழுதச் சொல்லி வாசலில் தொங்கவிட்டாள். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் ஒன்று செய்தால் மற்ற பதினாறு வீட்டிலும் செய்வார்கள். ஏன் என்று கேட்கிற பழக்கம் இல்லை. உச்சிப் பொழுதுக்குள் பதினேழு வாசலிலும் பதினேழு ஓலை ஆடிற்று.

"போவமா?" என்றது சுட்டி.

"பொழுது இருக்கு."

"அவ உன்னைத் தெரியாதுன்னுட்டா."

"பிள்ளத்தாச்சி. மசக்கையில ஏதோ சொல்லிட்டா."

"ஏழாம் மாசத்துல என்ன மசக்கை? நான் எத்தனை குட்டி போட்டவ, எங்கிட்டயே சொல்றியா?"

சிலம்பாயி கிணற்றில் நீர் சேந்தினாள். தன் மேல் ஒரு சொட்டுப் படாமல், மடியிலிருந்த வேப்பங்காப்பின் மேல் மட்டும் தெளித்தாள். இலை வாடக் கூடாது.

சுட்டிக்குப் பசி. கோபமும்தான். இரண்டும் ஒன்றாக வந்தால் ஆடு என்ன செய்யும்? முதல் வாசலுக்குப் போய் ஓலையை எட்டி இழுத்து வாயில் போட்டது. ஆட்டுக்குப் படிக்கத் தெரியுமா என்றால் தெரியும், மென்றுதான் படிக்கும்.

"கசக்குது," என்றது. "உன் பேரைத்தான் எழுதியிருக்கான். எழுத்தெல்லாம் சரிதான். சொன்ன மூக்குதான் சரியில்லை."

"அதைப் போய்த் தின்பாங்களா? துப்பு."

"துப்பினா மறுபடி எடுத்து மாட்டுவாங்க."

இரண்டாவது ஓலை, மூன்றாவது ஓலை என்று தெருவின் ஒரு சாரியை முடித்துவிட்டு மறு சாரிக்குப் போனது சுட்டி. யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்றால் ஆட்டுப் பக்கத்தில் வர வேண்டுமே.

உள்ளே பாடு திண்டாட்டமாக இருந்தது. வளையல்காரர் வளையல் கோத்த மலாரோடு உட்கார்ந்திருந்தார். ஐந்து வகைச் சோறும் ஆறிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தாய்வீட்டுக் காப்பு வராமல் ஒரு வளையலும் ஏற்ற முடியாது.

"உங்க அக்கா பல்லக்கு எங்கம்மா வருது?" என்றாள் பவளத்தம்மாள்.

"வந்துரும் அத்தை."

"நாலு தரம் சொல்லிட்டே."

மணையில் உட்கார்ந்திருந்த மரிக்கொழுந்துக்கு நேர் எதிரே ஜன்னல். அது கொஞ்சம் திறந்திருந்தது. அக்கா இன்னும் கிணற்று மேடையிலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பொழுது சாய ஆரம்பித்துவிட்டது என்றும் தெரிந்தது. பட்டி முறை செவக்காட்டூரில் பிறந்தவளுக்குத் தெரியாதா? புழுதிக் காலைப் பார்த்ததுமே அக்காவின் நாள் என்று அவளுக்குத் தெரியும். இப்போது எழுந்து ஓடினால்தான் அக்கா பொழுதுக்குள் காட்டுக்குப் போக முடியும். ஆனால் அக்கா எழவில்லை. அரை நாழிகைக்கு ஒரு தரம் குனிந்து, மடியில் எதன் மேலோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

மரிக்கொழுந்து மணையை விட்டு எழுந்தாள்.

"எங்க போறே?" என்றாள் மாமியார்.

"எங்க அக்கா வந்து ரொம்ப நேரமாச்சு அத்தை."

"பல்லக்கைக் காணோமே."

"பல்லக்கு கிடையாது. எங்க வீட்டுல யாரும் பல்லக்கைத் தொட்டதுகூட இல்லை. நடந்துதான் வந்தா. காலையில தெரியாதுன்னு சொன்னேனே, அவதான்."

முப்பது பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தத் தெருவில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

மரிக்கொழுந்து தெருவைக் கடந்து போய்க் கிணற்றடியில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"போட்டு விடுக்கா."

சிலம்பாயி நிமிர்ந்து பார்த்தாள். "கழுவக் கூடாத நாளு. வாடை அடிக்கும்டி."

"அடிக்கட்டும். நம்ம அம்மா இடுப்புல இருந்தப்பவும் இதே வாடைதான் அடிச்சுது. அப்ப நான் மூக்கைப் பொத்தலை."

"இப்ப மட்டும் பொத்தினியோ?"

"பொத்தினேன்," என்றாள் மரிக்கொழுந்து. அழவும் இல்லை. நீட்டின கையை மடக்கவும் இல்லை.

சிலம்பாயி ஈரத்துணியைப் பிரித்தாள். காப்பு அப்போதுதான் ஒடித்த மாதிரி இருந்தது. வலது கையில் போட்டாள், நார் முடிச்சைச் சரிபார்த்தாள். "சரி. போ. போய்ச் சோத்தை ஆறவிடாம எல்லாருக்கும் போடு," என்றாள்.

"இரு," என்றாள் மரிக்கொழுந்து. வீட்டைப் பார்த்துத் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "பட்டிக்காட்டாள் எங்க அக்கா," என்றாள். வாய் நிறையச் சொன்னாள். சொன்னதில் தன் பங்கை அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஆனால் காலையிலிருந்து முப்பது மூக்கில் ஏறியிருந்ததை அவளால் என்ன செய்ய முடியும்?

பவளத்தம்மாள் கெட்டவள் இல்லை. சம்பந்தியைத் தெருவில் உட்கார வைத்துவிட்டோம் என்று அவளுக்கும் முகம் சுருங்கிப்போயிற்று. யாரும் பார்ப்பதற்கு முன், சுட்டி அந்த வாசலுக்கு வந்து சேர்வதற்கும் முன், தன் வாசல் ஓலையைக் கழற்றினாள். அப்புறம் கிழித்துக்கொள்ளலாம் என்று உத்தரத்தில் செருகி வைத்தாள். வெட்கப்பட்டு ஒளித்து வைத்ததை யாராவது எடுத்துக் கிழித்திருக்கிறார்களா? அவளும் கிழிக்கவில்லை.

வாசலுக்கு வந்து, "உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு," என்றாள். முந்தானை மூக்கிலிருந்து பாதிதான் இறங்கியிருந்தது.

"நேரமில்லை அத்தாச்சி. பட்டிக்குப் போகணும். கட்டிக் குடுங்க," என்றாள் சிலம்பாயி. புளிச்சோறும் தயிர்ச்சோறும் தாமரை இலையில் வந்தது. வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று வீம்பு பண்ணுகிறவள் இல்லை, பசித்தது.

சுட்டி மட்டும் ஓலை எழுதுகிறவர் முன்னால் நின்றது. "எத்தனை எழுதினீர்?"

"பதினேழு."

"நான் தின்னது பதினாறு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"இன்னொண்ணு எங்க?"

"பொழுது போகுது, வா," என்று சிலம்பாயி அதன் காதைப் பிடித்து இழுத்தாள்.

ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். செவக்காட்டூர் எல்லைக்கு வந்தபோது சூரியன் பனைமரத்தின் இடுப்பில் நின்றது. மந்தை வரப்பில் காத்திருந்தது. ஐந்நூறு முகமும் பக்கத்துக் காட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

வயசான கிடா கேட்டது. "யாரு வந்திருக்கிறது?"

சுட்டி பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். அது வாயைத் திறந்தது. சந்தனத் தெருவில் தின்ற பதினாறு ஓலையும் வயிற்றிலிருந்து மேலே ஏறி வந்து நாக்கில் நின்றது. "பட்டி..." என்று ஆரம்பித்தது சுட்டி. சொல் வாயால் வரவில்லை. மூக்கால் வந்தது, அந்த முப்பது பெண்களுக்கு வந்த மாதிரியே.

சிலம்பாயியின் முகத்தைச் சுட்டி பார்த்தது. காலையில் தங்கச்சி சொன்னபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

சுட்டி வாயை மூடிக்கொண்டது. கிடா மறுபடி கேட்டது. "யாரு வந்திருக்கிறதுன்னு கேட்டேன்." சொல்லாவிட்டால் மந்தை போய்விடும். சொன்னால் அந்தப் பெயர் பட்டணத்துப் பெயராகவே அவள் காட்டில் விழும். சூரியன் பனையின் முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

சுட்டி ஒன்றும் சொல்லவில்லை. நாக்கில் நின்ற ஓலையை மென்றது. மென்றுகொண்டே வரப்பைத் தாண்டிச் சிலம்பாயி காட்டின் நட்ட நடுவில் போய், முன்னங்காலை மடித்துப் படுத்துக்கொண்டது.

செம்மறிகள் ஒன்றையொன்று பார்த்தன. சொல் கேட்டால்தான் இறங்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் முன்னால் போகிறவர் பின்னால் போக வேண்டும் என்பது அதைவிடப் பழைய சட்டம். ஒன்று இறங்கியது, பத்து இறங்கியது, ஐந்நூறும் இறங்கிப் படுத்தன. சுட்டி பேசவில்லை என்பதால் அதுகளும் பேசவில்லை. சுட்டி வாயை அசைத்துக்கொண்டிருந்தது என்பதால் அதுகளும் அசைத்தன. கிடா கொஞ்ச நேரம் தனியாக நின்று பார்த்துவிட்டு, கேட்க ஆள் இல்லாமல் அதுவும் படுத்தது.

சிலம்பாயி பக்கத்தில் உட்கார்ந்து தாமரை இலையைப் பிரித்து, புளிச்சோற்றில் பாதியைச் சுட்டிக்கு முன்னால் வைத்தாள். தயிர்ச்சோற்றைத் தான் தின்றாள். நன்றாக உப்புப் போட்டிருந்தார்கள்.

அந்த வருஷம் அவள் காட்டில் கம்பு இரண்டு ஆள் உயரம் நின்றது. மரிக்கொழுந்து பிரசவத்துக்கு அங்கேதான் வந்தாள். பேத்தியைப் பார்க்க வந்த பவளத்தம்மாள் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் குழந்தையைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் கம்பங்கூழை இன்னொரு கரண்டி கேட்டாள். ஆனால் உத்தரத்தில் செருகின ஓலை அவள் நினைவுக்கு வரவே இல்லை. அது அங்கேயே இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள், பிள்ளைகளின் பிள்ளைகள் பார்த்தார்கள், எழுத்துக் கூட்டிப் படித்தார்கள், மூக்கால்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று முதல்தான் ஆடு பேச்சை விட்டது. மீறி வாயைத் திறந்தால் மூக்கால் ஒரு 'மே' வருகிறது, உடனே மூடிக்கொள்கிறது. அன்று முதல்தான் தின்ன எதுவும் இல்லாத நேரத்திலும் அது எதையோ மென்றுகொண்டே இருக்கிறது. பட்டணத்துத் தெருவில் நடந்து போகிறபோது சுவரில் என்ன ஒட்டியிருந்தாலும் விடாமல் எட்டி இழுத்துத் தின்று பார்க்கிறதே, அது பசியால் இல்லை. பதினேழாவது ஓலை இன்னும் அகப்படவில்லை.